திருகோணமலையில, ஓடைக்கரை ட்ரெயில் மாதிரி, முழுக்கத் தார் போட்டு, வீல்செயாரும் பிள்ளையளின்ட சைக்கிளும் ஒண்டாப் போகக்கூடிய தண்ணிக்கரைப் பாதை இருக்கா?

இருக்கு. உட்துறைமுக வீதிக்குப் போங்க, இங்க எல்லாரும் இன்னர் ஹாபர் ரோட் எண்டுதான் சொல்லுவாங்க. வெயில் தாழ்ந்த பிறகு போங்க, வீல்செயார் தள்ளிப் பழகின ஒராளும் சைக்கிளுக்குப் பின்னால ஓட ஒராளும் கூட இருந்தாப் போதும். பதில் மட்டும் வேணும் எண்டவை இதோட நிப்பாட்டலாம், இனிக் கொஞ்சம் நீளும், ஏனெண்டா இதே கேள்விய என்ட அக்கா கேட்டு வீட்டில சண்டையே நடந்தது.

கேள்வியில 'ஓடைக்கரை ட்ரெயில் மாதிரி, முழுக்கத் தார் போட்டு' எண்டு எழுதியிருக்கிறதப் பாத்தா நீங்களும் வெளிநாட்டில இருந்து லீவுக்கு வாற ஆக்கள்தான், அநேகமா கனடா, அநேகமா ஜூலை ஆகஸ்ட், கூட வயசான ஒராளும் சும்மா இருக்கேலாத பிள்ளையளும். பிழையெண்டா குறை நினைக்காதீங்க. அக்கா இருக்கிறது ஸ்காபரோவில. அங்க ஹைலண்ட் கிரீக் எண்டு ஒரு ஓடை, அதின்ட கரையால மோர்னிங்சைட் பார்க், கேணல் டான்போர்த் பார்க் எல்லாம் தாண்டி ஒன்டாரியோ ஏரிப் பக்கம் மட்டும் நடக்கலாம், சைக்கிளும் ஓடலாம், செப்டம்பர் ஒக்டோபரில சால்மன் மீன் ஓடைக்குள்ள எதிர்த்து ஏறி வாறதையும் பாக்கலாம். அங்க இருக்கிற ரொறன்ரோ யூனிவர்சிட்டியின்ட ஸ்காபரோ வளாகத்தில இருந்து அந்தப் பள்ளத்துக்கு இறங்க 2019இல ஒரு பாதை திறந்திருக்கினம், அரைக் கிலோமீட்டர், வளைஞ்சு வளைஞ்சு இறங்குது, வீல்செயாரும் போகும். வீடியோ கோல் எடுத்தாள் எண்டா அந்தப் பாதையக் காட்டாம வைக்கமாட்டாள். அம்மாவும் இங்க கட்டில்ல இருந்தபடி ஓம் ஓம் எண்டு பாத்துக்கொண்டிருப்பா.

அம்மாவுக்கு பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துபோச்சு. அக்கா ஓகஸ்டில வந்திறங்கி ரெண்டாம் நாளே தொடங்கிட்டாள், "அம்மாவ வெளியில கூட்டிக்கொண்டு போறதில்லையா, ஒரு பாதையும் இல்லையா, என்ன ஊர் இது" எண்டு. கோபம் வந்தது, சொல்லத்தான் வேணும். ஒவ்வொரு நாளும் அம்மாவத் தூக்கி இருத்தி குளிக்க வார்க்கிறது நான், லீவுக்கு வந்தவ கேள்வி கேக்கிறா. வெளிநாட்டில இருக்கிற எல்லாரையும் சொல்லல்ல, கமெண்டில சண்டைக்கு வராதீங்க, அக்கா அனுப்புற காசிலதான் அம்மாவின்ட மருந்துச் செலவு போகுது, அதையும் சொல்லிப்போடுறன்.

ஓடைக்கரைப் பாதை எண்டு பாத்தா எங்களிட்ட அப்பிடி ஒண்டு இல்லத்தான். ஆனா டவுன்ல கிழக்கால டச்சுக் குடா, மேற்கால உள்துறைமுகம், எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணி. இதில டச்சுக் குடாவில அம்மாவ ரோட்டோரம் நிப்பாட்டிக் கடலைப் பாக்கலாம், பின்னேரத்தில வெயிலும் முதுகுப் பக்கம்தான், ஆனா அங்கால மணல். மணலுக்குள்ள வீல்செயார் இறங்கினா பிறகு நாலு பேர் சேந்து தூக்கோணும். உப்புவெளி, நிலாவெளியும் அதே கதைதான், ஹோட்டல்காரர் படத்தில காட்டுற கடற்கரையப் பாத்து ஏமாறாதீங்க. உள்துறைமுகம் அப்பிடியில்ல. சுத்திவரக் கரை இருக்கிறதால அலை எண்டு சொல்ல ஒண்டுமில்ல, ரோட்டும் சமன், சூரியன் அந்தப் பக்கம்தான் விழும்.

சரி, அண்டைக்கு நடந்தத சொல்லுறன். அக்கா, அத்தான், அவையின்ட பிள்ளையள், நான், அம்மா எல்லாரும் போனம். அக்காவின்ட மகனுக்கு பக்கத்து வீட்டுப் பொடியன்ட சைக்கிள இரவல் வாங்கிக் குடுத்தம். கனடாவில வீல்செயார் தள்ளின அனுபவம் இருக்கு எண்டு (அத்தான்ட அம்மாவத் தள்ளினவளாம்) அக்காதான் பிடிச்சாள். கொஞ்சத் தூரம் நல்லாத்தான் போச்சு, அம்மாவும் கடலைப் பாத்து என்னவோ சொல்லிக்கொண்டு வந்தா. பிறகு கான் (வடிகால்) மூடின கொங்கிறீட் பலகையள் வந்தது. ரெண்டு பலகைக்கும் நடுவில ரெண்டு விரல் போற இடைவெளி, அதுவும் குறுக்கால இல்ல, நாங்க போற திசைக்கே நீட்டுக்கு. முன்னுக்கு இருக்கிற சின்னச் சில்லு அதுக்குள்ள கச்சிதமா இறங்கிட்டுது. கதிரை நிண்டுட்டுது, அம்மா நிக்கல்ல, முன்னால சரிஞ்சா. பெல்ட் போட்டிருந்தபடியா விழல்ல. அந்த பெல்ட் கதிரையோட வந்ததில்ல, பழைய ஸ்கூல் பேக் பட்டிய வெட்டி நானே தைச்சது.

அக்காவின்ட முகம் வெளிறிப்போச்சு. நான் வாங்கிப் பிடிச்சு, பின்னுக்கு இருக்கிற கம்பியக் காலால மிதிச்சு, முன்சில்லு ரெண்டையும் அந்தரத்தில தூக்கி, பெரிய சில்லிலயே உருட்டி அந்தப் பலகை முடியும் மட்டும் கொண்டுபோனன். இங்க வீல்செயார் தள்ளுறவை முதல் பழகவேண்டியது இதைத்தான். அங்கத்தைய பாதையில ஒருநாளும் தேவைப்பட்டிராது, அதால அவளில பிழை சொல்லேலாது. மற்றது, படியோ விளிம்போ வந்தா இறங்கேக்க கதிரையத் திருப்பிப் பின்பக்கமா இறக்கோணும், பெரிய சில்லு முதல் இறங்கினா இருக்கிறவர் முன்னால சரியமாட்டார். இதெல்லாம் ஆஸ்பத்திரியில துண்டு வெட்டி (டிஸ்சார்ஜ் பண்ணி) அனுப்பேக்க ஒருத்தரும் சொல்லித் தாறதில்ல.

துண்டு எண்டதும்தான் ஞாபகம் வருது. கேள்விக்கு சம்பந்தமில்ல, எண்டாலும் சொல்லாட்டி எனக்குப் பொறுக்காது. அம்மா பென்சன்காரி. ஒரு அலுவலகத்துக்கு அவவையே நேர கூட்டிக்கொண்டு வரச் சொன்னாங்க. வாசல்ல ரேம்ப் இருக்கு, இல்லையெண்டு சொல்லேலாது. ரேம்ப் எண்டா பொதுவா ஒரு அடி உயரத்துக்கு பன்னிரண்டு அடி நீளம் வேணும், 1:12 எண்டு சொல்லுறது அதைத்தான், ஸ்காபரோப் பாதை அவ்வளவு வளைஞ்சு போறதும் சரிவைக் குறைக்கத்தான். இவங்க ஒரு அடிக்கு மூண்டடி போட்டிருக்கிறாங்க. பிள்ளையள் சறுக்கி விளையாடலாம். அதுக்குக் குறுக்கால மோட்டச் சைக்கிள் வேற. செக்கியூரிட்டி சொல்லுறார், "தூக்கிக்கொண்டு வாங்க தங்கச்சி, எல்லாரும் அப்பிடித்தான் வாறவை." இந்த நாட்டில மாற்றுத்திறனாளியளின்ட உரிமையப் பாதுகாக்க 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கு, பொது இடங்களுக்கு அவை போய்வர வசதி செய்யோணும் எண்டு 2006இல ஒழுங்குவிதி வர்த்தமானியில வந்தது, அதை நடைமுறைப்படுத்தச் சொல்லி 2011இல உயர் நீதிமன்றமும் உத்தரவு போட்டது. எல்லாம் கடதாசியில நல்ல வடிவா இருக்கு, அம்மா மோட்டச் சைக்கிளுக்கு இங்கால இருக்கிறா. விட்டா இதிலயே எழுதிக்கொண்டிருப்பன்.

இனி, 'கோணேஸ்வரத்த ஏன் சொல்லல்ல' எண்டு கேக்க ஆக்கள் வருவினம். சொல்லுறன். கோட்டை வாசலால போற ரோட்டு தார் ரோட்டுத்தான், நிழலும் இருக்கு, புள்ளிமான் நிக்கும், பிள்ளையளுக்கு நல்லாப் பிடிக்கும். ஆனா அது ஏத்தம். நடந்து தள்ளிக்கொண்டு ஏறுறத விட ஓட்டோவிலயோ வானிலயோ போய் கோயிலுக்குக் கிட்ட இறக்குறதுதான் புத்தி, அதுக்குப் பிறகும் படி இருக்கு. அந்த ரோட்டில பிள்ளையள சைக்கிள் விடாதீங்க, இறக்கத்தில வேகம் பிடிச்சா மானும் குறுக்கால வரும் பஸ்ஸும் எதிரால வரும். சாமி கும்பிடப் போங்க, உலாத்துறதுக்கு வேற இடம் பாருங்க. கிண்ணியாப் பாலத்தையும் சில பேர் சொல்லுவினம், 396 மீட்டர், 2009இல திறந்தது, காத்து அந்த மாதிரி. ஆனா அது ஏ15 பெருந்தெரு, லொறி பஸ் ஓடுற இடத்தில சின்னப் பிள்ளைக்கு சைக்கிள் குடுக்க எனக்கு மனம் வராது. பெரிய ஆக்கள் நடக்கலாம்.

இன்னர் ஹாபருக்கும் ரோட்டு ரோட்டுத்தான், வாகனம் வரும், அதை மறைக்கல்ல. கடல் பக்கம் எல்லா இடத்திலயும் தடுப்பும் இல்ல, அதால சைக்கிள் பழகுற பிள்ளைக்குப் பின்னால ஆள் வேணும் எண்டு மேல சொன்னது. மாடும் நாயும் படுத்திருக்கும், மணி அடிச்சா எழும்பாது, சுத்திப் போகோணும். ஜூன், ஜூலை, ஆகஸ்டில கச்சான் காத்து (தென்மேற்கால வாற சூட்டுக் காத்து) சுள்ளெண்டு முகத்தில அடிக்கும், அஞ்சு மணிக்கு முதல் வயசான ஆக்களக் கூட்டிப்போகாதீங்க. நவம்பர் டிசம்பர் வாடையில வந்தா மழை விட்ட நேரம் பாத்துத்தான். வீல்செயார் போற டொய்லெட் நான் அந்தப் பக்கம் காணல்ல, வீட்டில முடிச்சுக்கொண்டு வெளிக்கிடுங்க.

கதிரைக்குக் காத்தடிக்கிற டயர் எண்டா வரமுதல் அடிச்சுப்போட்டு வாங்க. அந்த பிரேக் டயரில அழுத்தித்தான் பிடிக்கிறது, டயர் மெத்தெண்டு இருந்தா பிரேக் போட்டும் உருளும், கடலோரத்தில அது கூடாது. வீட்ட வந்ததும் நல்ல தண்ணியால கழுவித் துடைச்சு, சில்லுக் கம்பிக்கும் முன்சில்லுக் கழுத்துக்கும் ரெண்டு துளி எண்ணெய் விடுங்க, உப்புக்காத்து ஒரு மாசத்தில தின்னுடும். இங்க தானமாக் கிடைக்கிற கதிரையள் கனக்க அப்பிடித்தான் போறது, குடுக்கேக்க போட்டோ எடுக்க பத்துப் பேர், எண்ணெய் விட ஒருத்தரும் இல்ல.

சைக்கிள கனடாவில இருந்து பெட்டி கட்டிக் கொண்டு வரத் தேவையில்ல. உப்புவெளிப் பக்கம் வாடகைக்கு எடுக்கலாம், ஆனா அது வெள்ளைக்காரர் உயரத்துக்கு. சின்னப் பிள்ளைக்கெண்டா சொந்தக்காரர் வீட்டில கேளுங்க, ஒண்டு மூலையில கிடக்கும், செயின் மட்டும் மாத்தினாப் போதும்.