‘கிரைம் ஸ்டோரி’: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

கேள்வி: இப்படி ஒரு தொடர் வந்ததே இப்போதுதான் தெரிகிறது அண்ணா. என்ன கதை?

பதில்: அமெரிக்காவின் என்பிசி சேனலில் 1986 செப்டம்பரில் தொடங்கி, 1988 மே மாதம் இரண்டே சீசனில் நின்றுபோன தொடர். தயாரிப்பில் தலைமை மைக்கேல் மான். கதை 1963 சிகாகோவில் ஆரம்பிக்கிறது. பெரிய குற்றங்களை மட்டும் விசாரிக்கும் ஒரு சிறப்புப் பிரிவு, அதன் தலைவர் லெப்டினன்ட் மைக் டொரெல்லோ. எதிரே ரே லூக்கா என்ற இளம் திருடன். அவன் மாஃபியாவில் மளமளவென்று மேலே ஏறி லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதிகள் வரை போகிறான். டொரெல்லோவும் விடாமல் அங்கே போய் நிற்கிறார்.

கேள்வி: டொரெல்லோவாக நடித்தவர் நிஜ போலீஸ் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மை. டென்னிஸ் ஃபரினா சிகாகோ காவல்துறையில் 18 ஆண்டுகள் வேலை பார்த்தவர். தொடரை உருவாக்கிய இருவரில் ஒருவரான சக் ஆடம்சனும் அதே ஊரில் துப்பறிவாளராக இருந்தவர்தான். இன்னொரு பக்கம், லூக்காவின் கையாள் பாலி டாக்லியாவாக வரும் ஜான் சான்டூச்சி ஒரு காலத்தில் நிஜத் திருடர்! ஃபரினாவும் சான்டூச்சியும் ஒரே காட்சியில் நிற்கும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கும். அந்த நடையையும் பார்வையையும் நடிப்புப் பள்ளியில் சொல்லித்தர முடியாது.

கேள்வி: இவ்வளவு நேர்மையான போலீஸ் பிரிவு நிஜத்தில் இருந்திருக்குமா சார்?

பதில்: இதற்குக் கொஞ்சம் வருத்தத்தோடுதான் பதில் சொல்ல வேண்டும். தொடருக்கு ஆலோசகராக இருந்தவர்களில் வில்லியம் ஹன்ஹார்ட் ஒருவர். சிகாகோவில் துப்பறிவாளர்களுக்கே தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர், திருடர்களைப் பிடிப்பதில் பெரிய பெயர். அவரே பல மாநிலங்களில் நகைத் திருட்டு நடத்திய கும்பலின் தலைவர் என்று பிற்பாடு தெரியவந்தது. 2001இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மறு ஆண்டு 15 ஆண்டுகளுக்கும் மேல் சிறைத் தண்டனை. இது தெரிந்த பிறகு தொடரைத் திரும்பப் பார்த்தேன். போலீசும் திருடனும் ஒருவரையொருவர் இவ்வளவு நன்றாகப் புரிந்துவைத்திருப்பது எப்படி என்பதற்கு அப்போதுதான் விடை கிடைத்தது.

கேள்வி: நடுவில் ஏதாவது ஒரு எபிசோடை எடுத்துப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். அன்றைய போலீஸ் தொடர்கள் பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் வழக்கை முடித்துவிடும். இது நாவல் மாதிரி ஒரே கதையாக நீளும். ஏபெல் ஃபெராரா இயக்கிய இரண்டு மணி நேர முதல் பாகத்திலிருந்து வரிசையாகப் பாருங்கள்.

கேள்வி: முதல் சீசன் முடிவில் அணுகுண்டு வெடிக்கிறதாமே! நம்புகிற மாதிரியா இருக்கிறது?

பதில்: லூக்காவும் பாலியும் தப்பியோடி, நெவாடா பாலைவனத்தில் அணுகுண்டு சோதனை நடக்கும் இடத்தில் போய்ச் சிக்குகிறார்கள். வரலாற்றுப்படி பார்த்தால் இடிக்கும். நெவாடாவில் தரைக்கு மேலே நடந்த கடைசிச் சோதனை 1962 ஜூலையில். அடுத்த ஆண்டே ஒப்பந்தம் போட்டு அதைத் தடை செய்துவிட்டார்கள். ஆனால் லூக்காவின் பேராசைக்கு அதைவிடப் பொருத்தமான முடிவு இல்லை. அடுத்த சீசனில் அவனைப் பிழைக்க வைத்ததுதான் என் கணக்கில் தொடர் செய்த ஒரே பெரிய தவறு.

கேள்வி: டைட்டில் பாட்டு?

பதில்: டெல் ஷானனின் ‘ரன்அவே’. 1961இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த பாட்டு. தொடருக்காக வரிகளைக் கொஞ்சம் மாற்றி அவரே மறுபடி பாடினார்.

கேள்வி: பிறகு ஏன் நிறுத்தினார்கள்? முடிவாவது இருக்கிறதா?

பதில்: அறுபதுகளின் கார், உடை, தெரு என்று எல்லாவற்றுக்கும் செலவு. முதல் சீசனில் செவ்வாய்க்கிழமை இரவுக்கு மாற்றி, போட்டிச் சேனலான ஏபிசியில் கொடிகட்டிப் பறந்த ‘மூன்லைட்டிங்’ தொடருக்கு எதிரில் நிறுத்தினார்கள். பார்வையாளர் எண்ணிக்கை தேறவில்லை. முடிவு இல்லை தம்பி. கடைசி எபிசோடில் டொரெல்லோவின் ஆட்களும் லூக்காவும் ஒரே விமானத்துக்குள் அடித்துக்கொள்கிறார்கள், விமானம் கடலை நோக்கி விழுகிறது. யார் பிழைத்தார்கள் என்று காட்ட மூன்றாவது சீசன் வரவே இல்லை.