அமலைச் செடியும் புள்ளிமானும்

அன்புள்ள ஐயா,

தாமிரபரணியில் வெங்காயத்தாமரை எனப்படும் அமலைச் செடியை அள்ளிக் கரையில் கொட்டுகிறார்கள். அதே ஆறு இறங்கிவரும் முண்டந்துறைக் காட்டில் புள்ளிமானுக்குச் சட்டத்தின் காவல் இருக்கிறது. இரண்டும் உயிர்தானே? மான் கண்ணுக்கு அழகாக இருப்பதுதான் இந்த வேறுபாட்டுக்குக் காரணமா?

வாசகர், அம்பாசமுத்திரம்

அன்புள்ள நண்பருக்கு,

அழகு காரணமாக இருக்க முடியாது. அமலையின் ஊதாப் பூவும் அழகுதான். அமேசான் ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த அச்செடியைப் பல நாடுகளுக்குக் கொண்டுசென்றவர்கள் பெரும்பாலும் அந்தப் பூவுக்காகவே கொண்டுசென்றார்கள். செடி, விலங்கு என்று பிரிக்காமல், இவற்றைத் தின்னும் உயிர்கள் உடன் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

முண்டந்துறையில் புள்ளிமானைப் புலியும் சிறுத்தையும் செந்நாயும் வேட்டையாடுகின்றன. மான்கள் அளவுக்கு மீறிப் பெருகி இளம் மரக்கன்றுகளை அழித்துவிடாமல் காடு தழைப்பதில் இந்த வேட்டை விலங்குகளுக்குப் பெரும் பங்குண்டு. இதே மானை ஆங்கிலேயர் ஆட்சியில் அந்தமானில் கொண்டுபோய் விட்டார்கள். அதை வேட்டையாடும் பெரிய விலங்கு எதுவும் அங்கே இல்லாததால், நன்றாக நீந்தக்கூடிய அது தீவுக்குத் தீவு பரவி, முளைத்துவரும் மரக்கன்றுகளை மேய்ந்து, காடு தன்னைப் புதுப்பித்துக்கொள்ள முடியாமல் செய்துவருகிறது. 1860களில் மான் போய்ச்சேர்ந்த ஹவாய்த் தீவுகளிலும் இதுவே நடந்தது. அங்குள்ள காட்டுக்குப் புள்ளிமான் செய்யும் கேட்டைத்தான் நம் ஆற்றுக்கு அமலை செய்கிறது.

அமலைக்கும் அதன் தாயகத்தில் இலையையும் தண்டையும் அரிக்கும் கூன்வண்டுகள் உண்டு. 1980களில் அவற்றை இந்தியாவுக்குக் கொண்டுவந்து சில நீர்நிலைகளில் விட்டார்கள். ஆனால் பெருகும் வேகத்தில் மானும் அமலையும் ஒன்றல்ல. மான் பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டிதான் போடும். அமலையோ தண்டு ஓடிப் புதுச்செடி விட்டு, ஏற்ற நீரில் இரண்டு வாரத்திலேயே இரட்டிப்பாகிவிடும், அதன் விதை சேற்றுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். பாபநாசத்துப் பாறைகளுக்கிடையே விசையோடு ஓடும் நீரில் அதனால் நிலைகொள்ள முடியாது. கீழே ஊர்களின் கழிவுநீர் கலந்து, அணைக்கட்டுகளில் தேங்கி நிற்கும் நீரே அதற்கு உரம். இதை எண்ணித்தான் நான் வருந்துகிறேன்: சாக்கடையை ஆற்றில் விட்டுக்கொண்டே செடியை மட்டும் அள்ளினால் அது மீண்டும் மீண்டும் வரும்.

அள்ளியதைக் கரையிலேயே குவித்து வைத்தால் அடுத்த வெள்ளம் அதை ஆற்றிலேயே சேர்த்துவிடும். செடியைத் தொலைவுக்குக் கொண்டுபோய்க் காயப்போடவும், சுத்திகரிக்காத கழிவுநீர் ஆற்றில் கலப்பதை நிறுத்தவும் உங்கள் ஊரில் இப்போதே வற்புறுத்துங்கள்.