இந்த விமானம் எந்த ஆலையில் செய்தது? இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் விமானங்கள்: கேள்வி பதில்

மெஸ்ஸர்ஷ்மிட் 109 போர்விமானம் என்றால் மெஸ்ஸர்ஷ்மிட் கம்பெனி செய்ததுதானே? இதில் தேட என்ன இருக்கிறது சார்?

வடிவமைப்பு மட்டும்தான் அவர்களுடையது. 33,000-க்கும் மேல் செய்த விமானத்தை ஒரே கம்பெனி செய்து முடிக்க முடியுமா? ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க்கில் மெஸ்ஸர்ஷ்மிட், லைப்சிக்கில் எர்லா, ஆஸ்திரியாவில் வீனர் நியூஸ்டாட் ஆலை என்று மூன்று இடங்களில்தான் பெரும்பகுதி உருவானது. இன்னொரு ஜெர்மன் போர்விமானமான ஃபோக்க வுல்ஃப் 190-ஐயும் அராடோ, ஆகோ, ஃபீஸலர் எனப் பலர் செய்தார்கள்.

வரிசை எண்ணை வைத்தே ஆலையைச் சொல்லிவிடலாமா?

பெரும்பாலும் சொல்லலாம். ‘வெர்க்நம்மர்’ எனப்படும் அந்த எண்களை ஆலைவாரியாகத் தொகுதி தொகுதியாக ஒதுக்கினார்கள். எதிரி எண்ணிப் பார்த்து உற்பத்தியைக் கணக்குப் போடக் கூடாதென்று நடுவே இடைவெளியும் விட்டார்கள். 1942 நவம்பரில் லிபியாவில் ஆஸ்திரேலியப் படையிடம் சிக்கிய ‘பிளாக் 6’ விமானத்தின் எண் 10639. அது எர்லா தயாரிப்பு. வாஷிங்டனில் இருக்கும், 109-இன் ஜி-6 ரக விமானத்தின் எண் 160756, அது ரேகன்ஸ்பர்க்.

என்னிடம் ஒரு சிறு உலோகப் பாகம் இருக்கிறது. ‘8-109’ என்று முத்திரை குத்தியிருக்கிறது. இது எந்த ஆலை?

அதை வைத்து ஆலையைச் சொல்ல முடியாது. விமான அமைச்சகம் அந்த விமான வகைக்குக் கொடுத்த எண் அது. எந்த ஆலையில் செய்திருந்தாலும் அதேதான் இருக்கும். பக்கத்தில் மூன்று சிறிய எழுத்துகள் இருக்கிறதா பாருங்கள். கம்பெனிப் பெயரை மறைக்கப் போர்க்காலத்தில் கொடுத்த ரகசியக் குறியீடு அது. ஆனால் அந்தப் பாகத்தைச் செய்தவரைத்தான் அது காட்டும், விமானத்தை ஒன்றுசேர்த்தவரை அல்ல. இறக்கை ஓர் ஊரிலும் வால் இன்னோர் ஊரிலும் செய்த காலம் அது. ஒரு தகட்டைப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

ஒரே விமானத்துக்கு இரண்டு எண்கள் இருக்குமா?

இருக்கும், இந்த வேலையின் சுவாரசியமே அங்கேதான். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஃபோக்க வுல்ஃப் 190 எஃப்-8-இன் எண் 931884. ஆனால் அது ஏ-7 ரகமாக, 640069 என்ற எண்ணோடு ஆலையை விட்டு வெளியே வந்தது. பிறகு தரைத் தாக்குதலுக்கான எஃப்-8 ஆக மாற்றிக் கட்டியபோது புது எண் கொடுத்துவிட்டார்கள். 1980-களின் தொடக்கத்தில் பழுது பார்த்தபோது பெயின்டை அடுக்கடுக்காகச் சுரண்டி, எந்தக் காலத்தில் எந்த நிறம் இருந்தது என்றும் பதிவு செய்தார்கள். இதை ‘எந்த ஆலை’ என்று கேட்டால், எந்தப் பிறப்பைக் கேட்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

‘எர்லா ஹௌபே’ என்ற காக்பிட் கண்ணாடி மூடி இருந்தால் எர்லா தயாரிப்புதானே?

இல்லை. மற்ற ஆலைகளும் அதைப் பொருத்தின. ரேகன்ஸ்பர்க்கில் செய்த 109 கே-4 ரகத்திலும் அதுதான்.

விமானக் கண்காட்சியில் பறக்கும் 109-கள் அசல் ஜெர்மன் தயாரிப்பா?

பல, ஸ்பெயினில் செய்த 109 ரகமான ‘புச்சோன்’. எஞ்சின் புகைக்குழாயைப் பாருங்கள். ஜெர்மன் டைம்லர் எஞ்சின் தலைகீழாக உட்காரும், அதனால் குழாய்கள் மூக்கின் கீழ்ப்பக்கம் இருக்கும். புச்சோனில் பிரிட்டிஷ் மெர்லின் எஞ்சின் நிமிர்ந்து நிற்பதால் அவை மேலே இருக்கும். ஆனால் சில ஸ்பானிய உடல்களுக்குப் பிற்பாடு டைம்லர் எஞ்சினே மாட்டிவிட்டார்கள். அங்கே இந்த அடையாளம் கைகொடுக்காது, எண் பொறித்த தகட்டைத்தான் தேட வேண்டும். பாரிஸ் அருகே லெ பூர்ஜே அருங்காட்சியகத்தில் நிற்கும் ஃபோக்க வுல்ஃபும் போருக்குப் பின் பிரான்ஸில் ஒன்றுசேர்த்தது. என்சி 900 என்று பெயர்.

மெஸ்ஸர்ஷ்மிட் 262 ஜெட் விமானம் ஒன்றின் எண் 501244 என்று படித்தேன். அசலா?

அமெரிக்காவில் பல பத்தாண்டுகள் கழித்துப் புதிதாகக் கட்டிய ஐந்து விமானங்களில் ஒன்று அது. பழைய வரிசையைத் தொடர்ந்து 501241 முதல் எண் போட்டார்கள். ஒளிவுமறைவு எதுவும் இல்லை, ஆனால் எண்ணை மட்டும் பார்ப்பவர் ஏமாந்துபோவார்.

ரேகன்ஸ்பர்க் என்றால் எல்லாமே ரேகன்ஸ்பர்க் ஊருக்குள்தானா?

இல்லை. 1943 ஆகஸ்ட் 17 அன்று அமெரிக்கக் குண்டுவீச்சில் ஆலை சிதைந்ததும் உற்பத்தியைச் சுற்றுவட்டாரத்தில் பிரித்துப் போட்டார்கள். 109-இன் பாகங்களை ஃப்ளோசன்பூர்க் வதைமுகாமில் கைதிகளை வைத்தும் செய்தார்கள். லைப்சிக்கில் எர்லாவுக்கு உழைத்தவர்களிலும் முகாம் கைதிகள் இருந்தார்கள். அருங்காட்சியகப் பலகையில் ஆலைப் பெயரோடு இதையும் எழுத வேண்டும் என்பது என் கருத்து.

நேரில் பார்த்துப் பழக ஒன்று சொல்லுங்கள்.

ஆஸ்திரேலியாவின் கான்பெரா போர் நினைவகத்தில் இருக்கும் 109 ஜி-6, எண் 163824. அசல் பெயின்டோடே இருக்கிறது. மற்ற இடங்களில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் பழுதுபார்த்தவர் அடித்த நிறம்.