ஒரே செய்தியை ஆளுக்கு ஒரு விதமாகப் புரிந்துகொள்வது ஏன்?

ஒரே செய்தியைக் கேட்டுவிட்டு ஆளுக்கு ஓர் அர்த்தம் சொல்கிறார்களே, மக்களுக்குப் புரியவில்லையா, ஊடகம் சரியாகச் சொல்லவில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இரண்டும் இல்லை. அந்தச் செய்தியால் தனக்கு என்ன வரும், என்ன போகும் என்பதை வைத்துத்தான் ஒவ்வொருவரும் அதைக் கேட்கிறார்கள்.

பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் 1973இல் இதை மூன்றாகப் பிரித்தார்: சொன்னவர் நினைத்தபடியே ஏற்பது, பாதி ஏற்று மீதியைத் தன் நிலைமைக்கு ஏற்ப மாற்றிக்கொள்வது, அடியோடு மறுத்துப் படிப்பது. வகுப்பறைக்கு நல்ல பாகுபாடு. ஆனால் ஒரே மனிதர் ஒரே நாளில் மூன்றையும் செய்வார். வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாகும்போது கவனித்துப் பாருங்கள்.

துறைமுகங்களில் 1 முதல் 11 வரை எண் கொடுத்து ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டையே எடுத்துக்கொள்வோம். ‘நாகையில் 3ஆம் எண் கூண்டு ஏற்றம்’ என்று தொலைக்காட்சியில் வரி ஓடியதும், வீட்டுக் கூடத்தில் இருப்பவர் பதினொன்றுக்கு மூன்று என்று மதிப்பெண் போட்டுவிடுகிறார். அது பரீட்சைத் தாள் அல்ல. 1, 2 என்றால் புயல் சின்னம் தொலைவில், கடலில் இருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்திலேயே வானிலை மோசமாகலாம். 5, 6, 7 மூன்றும் ஏறத்தாழ ஒரே அளவு ஆபத்துதான். புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும், அல்லது துறைமுகத்தை ஒட்டியே கடக்குமா என்பதில்தான் வேறுபாடு. 8, 9, 10 அதே வரிசை, இன்னும் கடுமையான புயலுக்கு. 11ஆம் எண்ணைப் பேரழிவு என்றே பலர் நம்புகிறார்கள். வானிலை எச்சரிக்கை மையத்துடன் தகவல் தொடர்பு அறுந்துபோய்விட்டது என்பதுதான் அதன் பொருள். மாலுமிக்கு எழுதிய குறிப்பை மளிகை வாங்கப் போகிறவருக்குக் காட்டினால் அவர் தனக்குத் தெரிந்த கணக்கைத்தானே போடுவார்? (விளக்கமாக ஒரு வரி சேர்க்கச் செய்தி ஆசிரியர்களுக்கு என்ன தயக்கமோ தெரியவில்லை.)

கணக்கு நன்றாகத் தெரிந்தவர்களும் ஒரே மாதிரி கேட்பதில்லை. என் பெரியப்பா திருத்துறைப்பூண்டிப் பக்கம் சம்பா சாகுபடி செய்கிறார். ‘டெல்டா மாவட்டங்களில் கனமழை’ என்று வாசித்தால், “மழை எவ்வளவு என்பது இருக்கட்டும், தண்ணீர் எப்போது வடியும் என்று சொல்லச் சொல்” என்பார். அவருக்கு அது வாய்க்கால் தூர்வாரியதா இல்லையா என்ற செய்தி. அவருடைய சம்பந்திக்கு வேதாரண்யம் பக்கம் தென்னந்தோப்பு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயலில் மரங்கள் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர். மழை அளவை அவர் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. காற்றின் வேகம் வரும்வரை காத்திருப்பார். ‘மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்’ என்ற வரி நமக்கு அறிவுரை, மீனவருக்கு வருமானம் இல்லாத நாள். பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவர்கள் மாவட்ட ஆட்சியரின் அறிவிப்பை மட்டுமே கேட்பார்கள்.

சென்னைக்காரர்களின் காது 2015 டிசம்பர் வெள்ளத்தோடு மாறிவிட்டது. 2024 அக்டோபர் நடுவில் சிவப்பு எச்சரிக்கை வந்தது. 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்யலாம் என்பது அதன் பொருள். வேளச்சேரிவாசிகள் அதைக் கேட்டதும் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மீது வரிசையாக நிறுத்தினார்கள். வானிலை அறிக்கையில் காரைப் பற்றி ஒரு சொல் கிடையாது. 2015 வெள்ளத்தில் நின்றவர்களுக்கு அந்தச் சொல் தேவைப்படவும் இல்லை. வெளியூரில் இருந்தவர்கள் படத்தைப் பார்த்துச் சிரித்தார்கள்.

15ஆம் தேதி நல்ல மழை. அப்புறம் தாழ்வு மண்டலம் வடக்கே நகர்ந்துவிட்டது, 16ஆம் தேதி எதிர்பார்த்த மழை சென்னையில் பெய்யவில்லை. மேம்பாலத்தில் நிறுத்தியவருக்கு அந்த எச்சரிக்கை வீண் இல்லை. கார் நனைந்தால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இரண்டு நாள் சிரமம் ஒன்றுமே இல்லை. அந்த இரண்டு நாளும் தள்ளுவண்டியை வெளியே எடுக்காத காய்கறி வியாபாரிக்கு அது பொய்த்துப்போன எச்சரிக்கை. அடுத்த முறை சிவப்பு என்று சொன்னால் அவர் வானத்தைப் பார்த்துவிட்டு வண்டியை எடுப்பார். அதை அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.