மெட்ரோ வந்தால் வீடுகள் பெருகுமா?

கேள்வி: சென்னை போரூரில் எங்களுக்கு ஒரு கிரவுண்ட் மனையில் பழைய தனிவீடு உள்ளது. மெட்ரோ வருவதால் அங்கே குடியிருப்பு நெருக்கம் தானாகவே கூடிவிடும், உடனே அடுக்ககம் கட்டக் கொடுத்துவிடுங்கள் என்று ஒரு பில்டர் வற்புறுத்துகிறார். அவர் சொல்வது சரிதானா?
- ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: ரயில் வரும் என்ற அறிவிப்பிலேயே நிலத்தின் விலை ஏறிவிடும், வீடுகள் பெருகுவதோ விதிகளையும் தெருவையும் பொறுத்தது. 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் உயரமல்லாத கட்டடங்களுக்கு அளிக்கும் தளப்பரப்புக் குறியீடு (மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 2. அதன்படி உங்களுடைய 2,400 சதுர அடி மனையில் 4,800 சதுர அடி வரை, அதாவது நான்கைந்து வீடுகள் கட்டலாம்; ஆனால், தெரு குறுகலாக இருந்தால் அந்த எண்ணிக்கையும் குறையக்கூடும்.

பறக்கும் ரயிலைப் பாருங்கள். 1997-இல் அது மயிலாப்பூரை எட்டியபோது அங்கே புதிதாகக் கட்ட வெற்றிடமே அரிது. வேளச்சேரியிலோ, 2007-இல் ரயில் போய்ச் சேருவதற்கு முன்பே, பழைய மகாபலிபுரம் சாலையின் கணினி நிறுவன வேலைகளை நம்பி அடுக்ககங்கள் எழத் தொடங்கியிருந்தன.

நெருக்கம் என்றதும் அஞ்சவும் வேண்டாம். நம் செட்டிநாட்டுப் பக்கத்து வளவு வீடுகளில், மணமான மகன்களை வேறு வைத்து, ஆளுக்கொரு அறையும் தனி அடுப்புமாகப் பல குடும்பங்கள் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்ததை நீங்கள் அறிவீர்கள். நெருக்கமாக வாழ்ந்தும் இடிபடாமல் இருக்க, முற்றமும் பட்டாலை என்ற கூடமும் பொதுவில் இருந்தன. நிலையத்தைச் சுற்றி நடைபாதை, குடிநீர், கழிவுநீர் வசதிகள் அந்த முற்றத்தைப் போலப் பொதுவில் இருக்க வேண்டும். போக்குவரத்து சார்ந்த வளர்ச்சிக்கான 2017-ஆம் ஆண்டின் தேசியக் கொள்கை நிலையத்திலிருந்து 500 முதல் 800 மீட்டர் வரையிலான நடை தூரத்தில் செறிவான குடியிருப்பை ஊக்குவிக்கிறது. அதற்குள் கட்டப்படுபவை காருள்ளவர்களுக்கான பெரிய வீடுகளாகவே இருந்துவிட்டால், ரயிலை நாள்தோறும் நம்பியிருக்கும் வாடகைக் குடும்பங்கள் தொலைவுக்குத் தள்ளப்படும். இதுவே எனக்குப் பெருங்கவலை.

ஆகவே அவசரப்பட்டுக் கையெழுத்திடாதீர்கள். மனையிலிருந்து நிலைய வாசலுக்கு ஒருமுறை நடந்து பாருங்கள், தெருவின் அகலத்தை அளக்கச் செய்யுங்கள். உடன்பிறந்தோர் பங்கு இருந்தால் முதலில் அதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் உங்களுக்குரிய பிரிபடாத நிலப்பங்கு (அடுக்ககம் நிற்கும் பொது நிலத்தில் உங்கள் பங்கு) சதுர அடிக் கணக்கில் எழுதப்பட வேண்டும். பழைய வீட்டில் இப்போது யாரேனும் வாடகைக்குக் குடியிருந்தால் அவருக்குப் போதிய அவகாசம் கொடுங்கள். புதிய கட்டடத்தில் சிறிய வீடு ஒன்றையாவது வாடகைக்கென வைத்துக்கொள்ள முடியுமா என்றும் பில்டரிடம் கேளுங்கள்.