கருஞ்சீரக எண்ணெய் குடித்தால் ஈரல் கொழுப்புக் கரையுமா?

கேள்வி: ஸ்கேனில் ஈரலில் கொழுப்பு, கிரேட் 1 என்று வந்திருக்கிறது. வெறும் வயிற்றில் தினமும் இரண்டு மேசைக்கரண்டி கருஞ்சீரக எண்ணெய் குடி, எல்லாம் கரைந்துவிடும் என்று மச்சான் ஒரு போத்தலே வாங்கித் தந்துவிட்டார். சீனி வருத்தத்துக்கும் குளிசை எடுக்கிறேன். குடிக்கலாமா?
— வாசகர், உப்புவெளி

பதில்: மச்சான் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை, ஆனால் ஒரு போத்தல் அளவுக்கு இல்லை. கருஞ்சீரகத்தில் தைமோகுயினோன் என்றொரு பொருள் உண்டு. ஆய்வுகூடத்தில் எலிகளுக்கு அதைக் கொடுத்து, காபன் டெட்ராகுளோரைட் என்ற நஞ்சையும் ஏற்றி, இரத்தத்தில் எஸ்ஜிபிடி எவ்வளவு கூடுகிறது என்று பார்த்திருக்கிறார்கள் (ஈரல் கலங்கள் உடைந்தால் கசிகிற நொதியம் அது, உங்கள் ரிப்போர்ட்டிலும் இருக்கும்). கருஞ்சீரகம் கிடைத்த எலிகளுக்குக் குறைவாகத்தான் கூடியது. நல்ல சேதிதான், ஆனால் உங்களுக்கு யாரும் நஞ்சு ஏற்றவில்லையே! உங்கள் ஈரலில் இருப்பது அநேகமாகச் சோறும் சீனித் தேத்தண்ணியும் பின்னேரத்து வடையும் செலவாகாமல் கொழுப்பாகித் தங்கியது. அதற்கு மேல் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் என்றால் நாளுக்குக் கிட்டத்தட்ட 240 கலோரி கூடும், எந்த எண்ணெய் ஆனாலும் இதே கணக்குத்தான். மனிதரில் நடந்த ஆய்வுகள் சின்னவை, அவற்றை நம்பிப் போத்தலைத் திறக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. அதோடு கருஞ்சீரகம் சீனியையும் இறக்கக்கூடியது, குளிசையோடு சேர்ந்தால் தலைசுற்றி விழவும் இடமுண்டு, அதனால் கிளினிக்கில் கேட்காமல் தொடவே வேண்டாம்.

எண்ணெயால் நன்மை வேண்டுமென்றால் கூட்டிக் குடிக்காதீர்கள், மாற்றிச் சமையுங்கள். தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல் நிறைகொழுப்பு, ஈரலில் சீக்கிரம் படிவது அதுதான். பொரியலைக் குறைத்து, தாளிக்க நல்லெண்ணெய் கொஞ்சம் போதும். எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைந்தாலே ஈரல் நன்றாகத் தேறும். 80 கிலோ ஆளுக்கு அது 6 முதல் 8 கிலோ.

கேள்வி: ஒலிவ் எண்ணெயும் தேசிக்காய்ப் புளியும் குடித்தேன், மறுநாள் பச்சைப் பச்சையாகக் கற்கள் போயின. ஈரல் சுத்தமாகிவிட்டதா?
— வாசகி, கிண்ணியா

பதில்: இல்லை, நீங்கள் குடித்த எண்ணெய்தான் குடலுக்குள் சவர்க்காரக் கட்டிகளாகி வெளியே வந்திருக்கிறது. 2005இல் லான்செட் மருத்துவ இதழில் இப்படி ஒருவருடைய 'கற்களை' ஆராய்ந்து எழுதியிருந்தார்கள்: முக்கால்வாசி கொழுப்பமிலம், பித்தக்கல்லில் இருக்கவேண்டிய கொலஸ்ட்ரோல் துளியும் இல்லை, 40 பாகைச் சூட்டில் உருகியும் போனது. உண்மையிலேயே பித்தப்பையில் கல் இருப்பவர் இவ்வளவு எண்ணெயை ஒரேயடியாகக் குடித்தால் பை இறுகிக் கல் குழாயில் சிக்கிக்கொள்ளலாம், எனவே இன்னொருமுறை வேண்டாம். வலது விலாவுக்குக் கீழே வலியோ கண்ணில் மஞ்சளோ தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.