பெட்டியைச் சுரண்டியதுகூடப் பரவாயில்லை, அந்த மெயில்தான்

கேள்வி: கிருஷ்ணகிரியில் இருக்கிறேன், பழைய மரத் தேயிலைப் பெட்டிகள் சேர்க்கிறேன். பெங்களூர் நிறுவனம் ஒன்றின் ஆன்லைன் ஏலத்தில் 'ரோஸ்வுட், இங்கிலாந்து, சுமார் 1820' என்று போட்டிருந்த பெட்டியை 85,000 ரூபாய்க்கு எடுத்தேன். வந்து பார்த்தால் கீலில் பிளஸ் ஸ்க்ரூ. ஆசாரி மூடியைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, புது மரம், மேலே சாயம் என்கிறார். போனில் மரியாதையில்லாமல் பேசுகிறார்கள், வீட்டிலும் கேலி. ஓசூரில் ஒருவர் ஒன்றரை லட்சத்துக்குக் கேட்டிருந்தார், அதையும் எழுதி மெயில் போட்டேன். 60,000 தருகிறோம் என்கிறார்கள். கேஸ் போடலாமா?

பதில்: மரியாதைக் குறைவுக்கும் வீட்டுக் கேலிக்கும் சட்டத்தில் பிரிவு கிடையாது. கேட்டலாக்கில் இருக்கும் அந்த ஒரு வரிதான் உங்கள் கேஸ். 'பழைய பாணி' என்று போட்டிருந்தால் பேச்சே இல்லை. வருஷத்தையும் மரத்தையும் சொல்லி விற்றிருக்கிறார்கள், அதனால் சொன்ன விவரப்படியே சரக்கு இருக்க வேண்டும் என்கிற 1930 சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15வது பிரிவு உங்கள் பக்கம்.

பிளஸ் ஸ்க்ரூவை நம்பி இறங்காதீர்கள். அது 1930களில் வந்த சாமான்தான், ஆனால் கீல் பிற்பாடு மாற்றியது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். சுரண்டியதற்கு 42வது பிரிவைக் காட்டி, சரக்கை ஏற்றுக்கொண்டுதான் கை வைத்தீர்கள் என்பார்கள். இனி மெழுகுகூடப் போடாதீர்கள்.

எனக்குப் பயம் அந்த மெயில்தான். கிருஷ்ணகிரி நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் இல்லை, அதெல்லாம் சரி, ஆனால் மறுவிற்பனைக்கு வாங்கியவர் 2019 சட்டப்படி நுகர்வோரே இல்லை. பழைய சுவர்க் கடிகாரம் சேர்க்கும் ஒருவர் என்னிடம் வருவதற்கு முன்பே, நஷ்டத்தைப் பெரிதாகக் காட்டுகிறேன் என்று 'கைமாற்றியிருந்தால் இவ்வளவு கிடைத்திருக்கும்' என நோட்டீஸில் எழுதிவிட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் அந்த வரியை மஞ்சள் மையில் தீற்றிக்கொண்டு வந்தார், வேறு எதையும் அவர் வாதாடவே இல்லை. நம்மாள் வீட்டுச் சுவரையெல்லாம் போட்டோ எடுத்து வந்து, நான் வியாபாரி இல்லை என்று நிரூபிக்க அலைந்ததுதான் மிச்சம். ஆணையத்தில் தோற்றால் சிவில் கோர்ட், ஏல நிபந்தனையில் பெங்களூர் என்று இருந்தால் வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏற வேண்டும்.

60,000-ஐ வாங்கிக்கொள்ளுங்கள். 70 கேட்டுப் பாருங்கள், முறைத்தால் விட்டுவிடுங்கள். பணம் கணக்கில் ஏறிய பிறகுதான் பெட்டி கிளம்பும், பார்சல் செலவு அவர்களுடையது என்று எழுத்தில் வாங்குங்கள். அதுவரை ஓசூர்க்காரருக்கு மெசேஜ் எதுவும் வேண்டாம்.